சயாட்டிக்கா நோவும் ஊசி மருந்தும்: ஒரு வரலாற்று நோக்கு

நாரியிலே தொடங்கிப் பின்தொடை வழியாகக் கெண்டைக்காலுக்கு இறங்கி, சிலவேளை பாதத்தின் விரல்வரை பாய்ந்து செல்லும் நோவினை மேனாட்டு வைத்தியர் சயாட்டிக்கா என வழங்குவர். இந்நோவு வந்துற்றவனை அது இருக்கவும் விடாது, கிடக்கவும் விடாது. இருமினாலும் தும்மினாலும் காலிலே கொள்ளிக்கட்டை வைத்தாற் போலச் சுடும். இடுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லொன்றின் வழியாகப் பிறந்தது சயாட்டிக்கா என்னும் பெயர். ஆயுள்வேத நூல்களிலே இதனை ஒத்த நோயொன்று கிருத்திரசி எனப் பேசப்படுகின்றது. கிருத்திரம் என்பது கழுகு. நோயாளி காலை இழுத்து இழுத்து நடக்கும் நடை கழுகின் நடையை ஒத்திருத்தலால் அப்பெயர் வந்தது என்பர். சரகசங்கிதை இதனை எண்பது வாதரோகங்களுள் ஒன்றாக வைத்து எண்ணுகின்றது. ஆங்கில நாடகாசிரியர் செகப்பிரியரும் தம் நாடகங்கள் இரண்டிலே சயாட்டிக்காவைப் பெயர் சுட்டிக் கூறியுள்ளார். ஆகவே, இது இன்று நேற்றுத் தோன்றிய நோயன்று.

இந்நோவினைத் தணித்தற்கு முள்ளந்தண்டின் அருகே ஸ்டீரொயிட் மருந்தினை ஊசி வழியாகச் செலுத்தும் முறை இன்று உலகின் பல நாடுகளிலே கையாளப்படுகின்றது. இம்முறை ஒருவர் ஒருநாளிற் கண்டுபிடித்ததன்று. ஊசியைச் செலுத்தும் வழி ஓரிடத்திலும், நோயின் காரணம் பிறிதோரிடத்திலும், மருந்து மூன்றாவதோரிடத்திலும் கண்டறியப்பட்டன. அம்மூன்றும் கூடியது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே. அதன்பின் எழுந்ததே யாவற்றிலும் கடினமான வினா. ஊசி ஏற்றப்பட்டபின் நோவு குறைந்ததென்றால், அதனைக் குறைத்தது ஊசியா, காலமா? இவ்வினாவுக்கு விடை காண வைத்திய உலகம் மேலும் அரை நூற்றாண்டு உழைக்க வேண்டியதாயிற்று.

பண்டை வைத்தியர் சயாட்டிக்காவினை இடுப்பு மூட்டின் நோயாகவே கொண்டனர். கிரேக்க நாட்டிலே இப்போகிரற்றீசின் பெயரால் வழங்கும் நூல்களும், பாரத நாட்டிலே சரகர், சுசுருதர் பெயரால் வழங்கும் நூல்களும் சூடிடுதலை ஒரு சிகிச்சையாகக் கூறியிருத்தல் கவனித்தற்குரியது. ஒரு நோவினை வேறொரு நோவினால் மறக்கச் செய்யும் உபாயம் தொலைதூர நாடுகள் இரண்டிலும் ஒருங்கே கைக்கொள்ளப்பட்டது. நோயின் இருப்பிடம் எது என்பது மட்டும் தெளிவாகவில்லை.

அத்தெளிவுக்கு முதல் வித்திட்டவர் இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகரத்து வைத்தியர் தொமெனிக்கோ கொத்துஞோ என்பவர். 1764 ஆம் ஆண்டிலே, தமது இருபத்தெட்டாவது வயதளவில், சயாட்டிக்காவைப் பற்றி மட்டுமே பேசும் நூலொன்றை அவர் இலத்தீன் மொழியிலே வெளியிட்டார். இடுப்பு மூட்டினால் வரும் நோவு வேறு, நரம்பினால் வரும் நோவு வேறு என்பதை அந்நூல் பிரித்துக் காட்டிற்று. மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்து நிற்கும் நீரினைப் பற்றிய விவரணமும் அந்நூலிலேயே இடம்பெற்றது. நரம்புறையிலே தேங்கிய நீர் காரமடைந்து நரம்பினை உறுத்துவதே நோவுக்குக் காரணம் என அவர் கருதினார். அக்கருத்து நிலைபெறவில்லை. ஆயினும், நோவு நரம்பிலே உள்ளது என்ற அடிப்படை உண்மை அன்று தொட்டு நிலைபெற்றது.

அடுத்த நூற்றாண்டிலே நோயினை அறியும் உபாயமொன்று கிட்டிற்று. நோயாளியை மல்லாக்கக் கிடத்தி, முழங்காலை மடியாது நீட்டியபடியே காலை உயர்த்தினால், நரம்பு இழுபட்டு நோவு மிகும். இச்சோதனை பிரான்சிய வைத்தியர் இலசேக்கின் பெயரால் இன்றும் வழங்குகின்றது. 1864 ஆம் ஆண்டிலே சயாட்டிக்காவைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் இச்சோதனை காணப்படவில்லை. அவருடைய மாணாக்கர் போர்ஸ்ட் என்பவரே 1881 இல் அதனை எழுத்தில் அமைத்துத் தம் ஆசிரியருக்கு உரிமையாக்கினார். அதற்கு ஓராண்டு முன்னரே சேர்பிய நாட்டு இலாசரேவிச் என்பார் தம் தாய்மொழியிலே இச்சோதனையை விளக்கி எழுதியிருந்தார். சிறிய மொழியொன்றில் எழுதப்பட்டமையால் அவர் பெயர் பரவலாகவில்லை போலும்.

இனி, ஊசி சென்ற வழியைக் காண்போம். 1884 ஆம் ஆண்டிலே வியன்னா நகரத்துக் கார்ல் கோலர் கொக்கேயின் கரைசலினாற் கண்ணை மரத்துப்போகச் செய்யலாம் எனக் காட்டினார். 1898 இலே ஜேர்மனி நாட்டுக் கீல் நகரத்திலே ஓகஸ்ட் பியர் அம்மருந்தினை முண்ணாணைச் சூழ்ந்த நீருக்குள்ளேயே செலுத்திச் சத்திரசிகிச்சை செய்தார். அம்முறை பயனுடையதாயினும் ஆபத்தும் உடையது. முண்ணாணைப் போர்த்திருக்கும் வன்சவ்வினைத் துளையாமல், அதற்குப் புறத்தே மருந்தினைச் செலுத்த இயலுமாயின் ஆபத்துக் குறையும் அல்லவா என்று எண்ணியோர் பாரிசு நகரத்திலே இருவர் இருந்தனர்.

அவ்விருவர் சிக்கார், கத்தலன் என்போர். 1901 ஆம் ஆண்டிலே, ஒருவரைச் சாராது மற்றவர் தனித்தனியாக, அவர்கள் ஒரே வழியைக் கண்டனர். முள்ளந்தண்டின் அடியிலே முக்கோண வடிவாய் அமைந்த எலும்பு திருவென்பு எனப்படும். அதன் கீழ் நுனியிலே இயற்கையாகவே ஒரு சிறு வாயில் உண்டு. அவ்வாயில் வழியாக ஊசியை மேல்நோக்கிச் செலுத்தினால், வன்சவ்வுக்குப் புறத்தேயுள்ள வெளியிலே மருந்தினை விடலாம். அங்கே முண்ணாண் இல்லை. காலுக்குச் செல்லும் நரம்பு வேர்களே உள்ளன. கத்தலன் இவ்வழியைச் சத்திரசிகிச்சைக்குப் பயன்படுத்த விழைந்தார். சிக்காரோ நாரி நோவினாலும் சயாட்டிக்காவினாலும் வருந்தியோருக்குச் செறிவு குறைந்த கொக்கேயின் கரைசலை இவ்வழியே செலுத்தினார். சயாட்டிக்காவுக்கு முள்ளந்தண்டிலே ஊசியேற்றும் வரலாறு இவ்வாறு 1901 இலே தொடங்கிற்று. இவ்வூசியில் ஸ்டீரொயிட் இல்லை என்பதும், அப்படியொரு பொருள் உண்டென்பதையே அக்காலத்தார் அறியார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கன.

கொக்கேயினின் நச்சுத்தன்மை விரைவில் வெளிப்பட்டது. 1905 அளவிலே ஐன்ஹோர்ன் என்ற ஜேர்மானிய இரசாயன அறிஞர் ஆக்கிய புரோக்கேயின் அதன் இடத்தைப் பெற்றது. 1921 இலே பிடெல் பகேஸ் என்னும் இசுப்பானிய இராணுவ சத்திரவைத்தியர், திருவென்பின் வாயிலை நாடாது, நாரியிலுள்ள முள்ளென்புகளுக்கு இடையேயும் வன்சவ்வுக்குப் புறத்தே மருந்து செலுத்தலாமென எழுதினார். ஈராண்டுகளிலே அவர் விபத்தொன்றில் இறந்தமையால் அவர் கண்டது மறக்கப்பட்டு, பின்னர் 1931 அளவிலே இத்தாலியரான தொலியொத்தியின் எழுத்துகளால் மீண்டும் உலகிற்குத் தெரியவந்தது. 1925 இலே கனடாவிலும் 1930 இலே இங்கிலாந்திலும் சயாட்டிக்கா நோயாளருக்குத் திருவென்பின் வழியாகப் பெருமளவு கரைசலை ஏற்றிய வைத்தியர் நற்பயன் கண்டதாக எழுதினர். அக்கரைசல்களுட் சில வெறும் உப்புநீரே. நீரின் அழுத்தம் நரம்பினை அதன் ஒட்டுகளினின்றும் விடுவிக்கின்றது என அவர்கள் விளக்கம் கூறினர். உப்புநீர் அன்று மருந்தாக மதிக்கப்பட்டது என்னும் இச்செய்தி பின்னர்ப் பெரிதும் வேண்டப்படும்.

இரண்டாவதாக, நோயின் காரணம். முள்ளென்பு ஒவ்வொன்றுக்கும் இடையே ஓர் இடைத்தட்டு உண்டு. அதன் வெளிவளையம் உறுதியானது, உட்கரு மென்மையானது. வளையம் கிழிந்தால் உட்கரு பிதுங்கி வெளிவரும். சத்திரவைத்தியர் சிலர் இவ்வாறு பிதுங்கிய துண்டுகளைக் கண்டிருந்தும் அவற்றைக் கசியிழையக் கட்டிகள் என்றே கருதி வந்தனர். அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரத்து மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்னும் இருவர், கட்டியென முன்னர்ப் பெயரிட்டு வைக்கப்பட்டிருந்த துண்டுகளை மீண்டும் எடுத்து ஆராய்ந்தனர். அவற்றுட் பல, கட்டிகளே அல்ல, கிழிந்த இடைத்தட்டின் பகுதிகளே எனக் கண்டனர். 1934 ஆம் ஆண்டிலே வெளிவந்த அவர்தம் கட்டுரை சயாட்டிக்காவின் வரலாற்றையே திருப்பிவிட்டது. பிதுங்கிய இடைத்தட்டு நரம்பு வேரினை நெரிக்கின்றது. நெரிப்பதை வெட்டி எடுத்துவிட்டால் நோவு நீங்கும். இவ்விளக்கம் எவர்க்கும் எளிதில் விளங்குவதாயிருந்தது. ஆகவே வைத்தியர் கை ஊசியை விட்டுக் கத்தியை நாடிற்று.

ஆயினும் அவ்விளக்கத்திலே ஓட்டைகள் இருந்தன. இடைத்தட்டுப் பிதுங்கியும் நோவில்லாதோர் பலர். அமெரிக்காவிலே முதுகு நோவு சிறிதுமில்லாத 98 பேரைக் காந்தப் படமெடுத்து ஆராய்ந்து 1994 இலே வெளியிட்ட முடிவின்படி, அவர்களுட் பாதிப்பேருக்கு ஒரு தட்டேனும் புடைத்திருந்தது. நான்கிலொரு பங்கினருக்கு மேற்பட்டோருக்குத் தட்டுப் பிதுங்கியே இருந்தது. மறுபுறத்திலே, பிதுங்கிய தட்டு அவ்விடத்தே இருக்கவும் நோவு நீங்கப் பெற்றோரும் பலர். எனவே நெரிப்பு மட்டுமே நோவுக்குக் காரணமாதல் இயலாது. 1951 இலே சுவீடன் நாட்டு லிண்டால், றெக்செட் என்போர், சத்திரசிகிச்சையின்போது எடுத்த நரம்பு வேர்த் துணுக்குகளை நுணுக்குக்காட்டியால் நோக்கி, அங்கே அழற்சியின் அடையாளங்களைக் கண்டனர். நரம்பு நெரிபடுவது மட்டுமன்று, அது சிவந்து வீங்கி அழல்கின்றது என்பது புலனாயிற்று. அவ்வழற்சியைத் தணிக்கும் மருந்து ஒன்று அப்பொழுதுதான் உலகிற்கு வந்திருந்தது.

அம்மருந்தின் கதை சயாட்டிக்காவோடு யாதொரு தொடர்புமின்றித் தொடங்குகின்றது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலே மேயோ வைத்தியசாலையிற் பணியாற்றிய பிலிப் ஹென்ச், 1929 இலே புதுமையொன்றைக் கண்டார். மூட்டுவாதத்தால் வருந்திய ஒருவருக்குக் காமாலை வந்தபொழுது மூட்டு நோவு குறைந்துவிட்டது. கருவுற்ற பெண்களிடத்தும் மூட்டுவாதம் தணிவதை அவர் கவனித்தார். உடலே ஆக்குகின்ற ஏதோவொரு பொருள் அழற்சியை அடக்குகின்றது என அவர் ஊகித்தார். அதே நிலையத்தில் இருந்த இரசாயன அறிஞர் எட்வர்ட் கெண்டல், சிறுநீரகத்தின் மேலமைந்த அதிரீனல் சுரப்பியிலிருந்து பல பொருள்களைப் பிரித்தெடுத்திருந்தார். சுவிற்சர்லாந்திலே றைக்ஸ்டைன் என்பாரும் அதே ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். ஆயின் சுரப்பியிலிருந்து கிடைத்ததோ மிகச் சொற்பம். மேர்க் நிறுவனத்து இளம் இரசாயன அறிஞர் இலூயி சாரெட், மாட்டின் பித்தத்திலுள்ள அமிலத்தை மூலப்பொருளாகக் கொண்டு நீண்டதொரு செய்முறையால் அப்பொருளை ஆக்கும் வழியைக் கண்டார்.

1948 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 21 ஆம் நாள், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண்ணொருத்திக்கு அப்பொருள் முதன்முதலாக ஏற்றப்பட்டது. சில நாட்களிலே அவள் எழுந்து நடந்தாள். கோட்டிசோன் எனப் பெயர்பெற்ற அம்மருந்துக்காக ஹென்ச், கெண்டல், றைக்ஸ்டைன் மூவருக்கும் 1950 இலே நோபல் பரிசு அளிக்கப்பட்டது. செய்தித்தாள்கள் அதனை அற்புத மருந்தெனப் புகழ்ந்தன. மருந்தை நிறுத்தியதும் நோவு மீண்டதையும், நீண்டகாலம் உட்கொண்டோரின் முகம் வீங்கியதையும், எலும்பு நலிந்ததையும் உலகம் சற்றுப் பிந்தியே அறிந்தது. நோயை அடக்குவது நோயைத் தீர்ப்பதாகாது என்னும் பாடம் கோட்டிசோனின் முதல் ஆண்டுகளிலேயே எழுதப்பட்டுவிட்டது.

உடல் முழுவதும் மருந்து பரவுவதால் அன்றோ இத்தீமைகள் விளைகின்றன? நோவுள்ள இடத்தில் மட்டும் அதனை விட்டால் என்ன? இவ்வாறு எண்ணிய பிலடெல்பியா நகரத்து ஹொலண்டர், கோட்டிசோனின் இனமான ஐதரோகோட்டிசோனை 1951 இலே மூட்டுக்குள்ளேயே ஊசியாற் செலுத்தினார். அதன் பின் முள்ளந்தண்டு வெகுதொலைவில் இருக்கவில்லை. 1952 இலே இத்தாலியரான ரொபெக்கி, காப்ரா என்போர் திருவென்பின் முதல் நரம்பு வேரின் அருகே ஐதரோகோட்டிசோனை ஏற்றினர். 1953 இலே பிரான்சிய வைத்தியர் லியேவ்ர், வன்சவ்வுக்குப் புறத்தேயுள்ள வெளியிலே அம்மருந்தினை ஏற்றிய செய்தியை வெளியிட்டார். சிக்கார் கண்ட வழியும், ஹென்ச் கண்ட மருந்தும் இவ்வாறு ஒன்றுகூடின. 1960 களிலே மெதைல்பிரெட்னிசொலோன் முதலிய புதிய ஸ்டீரொயிட் மருந்துகள் வழக்கிற்கு வந்தன. அவை நீரிலே எளிதிற் கரையாத நுண்டுகள்களாய்த் தங்கி மெல்ல மெல்ல வேலை செய்வன. இந்தத் துகள்களைப் பற்றி மேலும் கூறவேண்டியுண்டு.

அடுத்த இருபது ஆண்டுகளிலே வெளிவந்த அறிக்கைகளுட் பெரும்பாலானவை ஊசியைப் போற்றின. ஏற்றப்பட்டோரிற் பாதிப்பேருக்கு மேல் நலம் பெற்றனர் என அவை பேசின. ஆயின் அவ்வறிக்கைகளிலே ஒரு பெருங்குறை இருந்தது. சயாட்டிக்கா பெரும்பாலும் தானாகவே தணியும் நோய். பிதுங்கிய தட்டு வாரங்கள், மாதங்கள் செல்லச் செல்லச் சுருங்குகின்றது, அழற்சி ஆறுகின்றது. நோவு உச்சத்தில் இருக்கும்பொழுதே நோயாளி வைத்தியரை நாடுகிறான். அவ்வேளையில் எதனைக் கொடுத்தாலும், எதனையும் கொடாது விட்டாலும், அதன்பின் நோவு இறங்கவே செய்யும். சூடிட்ட பண்டை வைத்தியரும், உப்புநீர் ஏற்றிய பின்னோரும் நற்பயன் கண்டதற்கு இஃதும் ஒரு காரணம் எனலாம். ஆகவே, ஊசி பெற்றோரை ஊசி பெறாதோருடன் ஒப்பிட்டாலன்றி உண்மை விளங்காது.

அவ்வொப்பீடு நேர்மையாக நடைபெற வேண்டுமாயின், மருந்து பெற்றவர் யார், போலி ஊசி பெற்றவர் யார் என்பது நோயாளிக்கும் தெரிதல் கூடாது. பயனை அளவிடும் வைத்தியருக்கும் தெரிதல் கூடாது. 1973 இலே இங்கிலாந்திலே டில்க் முதலிய மூவர் 100 நோயாளரைக் கொண்டு அத்தகைய சோதனையொன்றை நடத்தினர். ஸ்டீரொயிட் பெற்றோர் நோவு குறைந்து விரைவில் வேலைக்குத் திரும்பினர் என அதிலே கண்டனர். 1985 இலே அமெரிக்காவிலே நிகழ்ந்த மற்றொரு சோதனையோ யாதொரு வேறுபாடும் இல்லை என்றது. வைத்திய உலகம் இருபிரிவாயிற்று.

1997 இலே கனடாவிலே கரெட் என்பாரும் அவர் துணைவரும் 158 நோயாளரைக் கொண்டு நடத்திய சோதனை பெரிதும் பேசப்பட்டது. ஒரு சாராருக்கு மெதைல்பிரெட்னிசொலோன் ஊசி மூன்றுமுறை வரை ஏற்றப்பட்டது. மறுசாராருக்கு உப்புநீர் ஏற்றப்பட்டது. ஆறாவது வாரத்திலே மருந்து பெற்றோருக்குக் கால் நோவு சிறிது குறைந்திருந்தது. மூன்றாவது மாதத்திலே வேறுபாடு மறைந்துவிட்டது. ஓராண்டுக்குள் இருசாராரிலும் ஏறத்தாழ நான்கிலொருவர் சத்திரசிகிச்சையை நாடினர். முன்னர்க் கூறிய செய்தியை இங்கே நினைவுகூர்தல் தகும். 1930 இலே மருந்தாகப் போற்றப்பட்ட உப்புநீர், 1997 இலே மருந்தின்மையின் அடையாளமாக வைக்கப்பட்டது. உப்புநீரும் சிறிதளவு பயன் தருமோ என ஐயுறுவோர் இதனையே சுட்டுவர்.

பின்வந்த சோதனைகளும் ஏறக்குறைய இதே திசையைக் காட்டின. இங்கிலாந்திலே 228 நோயாளரைக் கொண்டு நடைபெற்று 2005 இலே வெளிவந்த ஆராய்ச்சி, மூன்றாவது வாரத்திற் சிறு நன்மையும், ஆறாவது வாரம் தொடக்கம் நன்மையின்மையும் கண்டது. எனினும் எல்லாம் ஒரே குரலிற் பேசவில்லை. 2000 ஆம் ஆண்டிலே அமெரிக்காவிலே, சத்திரசிகிச்சைக்கெனக் குறிக்கப்பட்ட 55 பேருக்கு, எக்ஸ் கதிர்ப் படத்தின் துணைகொண்டு நரம்பு வேரின் அருகிலேயே ஊசி ஏற்றப்பட்டது. மரத்துப்போகச் செய்யும் மருந்துடன் ஸ்டீரொயிட்டும் பெற்ற 28 பேருள் 20 பேர் சத்திரசிகிச்சை வேண்டாமென முடிவு செய்தனர். மரப்பு மருந்து மட்டும் பெற்ற 27 பேருள் அவ்வாறு முடிவு செய்தோர் 9 பேரே. 2020 இலே வெளிவந்த கொக்கிரேன் ஆய்வு, 25 சோதனைகளையும் 2,470 நோயாளரையும் ஒருங்கே வைத்து எடைபோட்டது. கால் நோவினை 100 பாகமாக அளந்தால், போலி ஊசியிலும் ஸ்டீரொயிட் ஊசி ஏறத்தாழ 5 பாகமே கூடுதலாகக் குறைக்கின்றது என்பதும், அதுவும் குறுகிய காலத்துக்கே என்பதும் அதன் முடிவு.

ஊசியினால் விளையும் தீங்கும் இவ்வரலாற்றிலே மறைத்தற்குரியதன்று. நரம்பு வேர் வெளிப்படும் துவாரத்தின் வழியே சிலவேளை முண்ணாணுக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடியும் நுழைகின்றது. துகள்களையுடைய ஸ்டீரொயிட் அந்நாடிக்குட் புகுந்தால் குருதியோட்டம் தடைப்படும். நரம்பு வேருக்கு அருகே ஊசி பெற்றபின் இரு கால்களும் செயலிழந்த மூவரைப் பற்றி 2002 இலே அமெரிக்க வைத்தியர் அறிவித்தனர். இதன் பயனாக, துகளில்லாது கரையும் டெக்சாமெதசோனை அவ்வழிக்கு விரும்புவோர் தொகை பெருகிற்று. அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2014 ஏப்பிரலிலே எச்சரிக்கையொன்று விடுத்தது. பார்வையிழப்பு, பாரிசவாதம், கால் செயலிழத்தல், மரணம் என்பன அரிதாக நேரக்கூடும் என்றும், இவ்விடத்திலே ஏற்றுதற்கு ஸ்டீரொயிட் எதனையும் தான் அங்கீகரித்திலது என்றும் அது கூறிற்று. அறுபது ஆண்டுகளாகக் கையாளப்பட்டும் அங்கீகாரம் பெறாத முறை இது என்பதைப் பொதுமக்களுட் பலர் அன்றே அறிந்தனர்.

அதற்கு ஈராண்டு முன்னர் நிகழ்ந்தது இன்னும் கொடியது. மருந்து கெடாது காப்பதற்கெனச் சேர்க்கப்படும் பொருள்கள் நரம்புக்குத் தீங்கு செய்யுமோ என்ற அச்சம் நெடுநாளாக நிலவியது. அவை சேராத மெதைல்பிரெட்னிசொலோனை, மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் பிரேமிங்கம் நகரிலிருந்த நியூ இங்கிலாந்து கலவை மருந்து நிலையம் பெருந்தொகையாக ஆக்கி விற்றது. அங்கே தூய்மை பேணப்படவில்லை. 2012 இலே அதன் மருந்துக் குப்பிகளிற் பங்கசு வளர்ந்திருந்தது. ஏறத்தாழ 14,000 பேர் அம்மருந்தினை ஊசியாகப் பெற்றனர். தெனசி மாநிலத்திலே முதலாவது நோயாளி கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து, 20 மாநிலங்களிலே 750 பேருக்கு மேற்பட்டோர் மூளையுறை அழற்சி முதலிய நோய்களுக்கு ஆளாயினர். நோய்த்தடுப்பு நிலையத்தின் கணக்கின்படி 64 பேர் இறந்தனர். முதுகு நோவும் கால் நோவும் தணியுமென நம்பிச் சென்றோரே அவர்களுட் பெரும்பாலோர். அவர்களை வைத்தியசாலைக்கு இட்டுச்சென்ற நோய் உயிர் கொல்லும் நோயன்று. 2013 இலே கலவை மருந்து ஆக்குவோரைக் கண்காணிக்கும் சட்டமொன்று அமெரிக்காவில் நிறைவேறியது. நிலையத்தின் தலைவர் பின்னர் நீதிமன்றத்தாற் குற்றவாளியெனக் காணப்பட்டுச் சிறை சென்றார்.

இத்துணையும் கேட்டபின், ஊசி வேண்டாமென ஒதுக்கிவிடலாமோ எனின், அதுவும் முறையன்று. 1990 களிலே சுவீடனிலே ஓல்மார்க்கர் முதலியோர் இடைத்தட்டின் உட்கருவைப் பன்றியின் நரம்பு வேரின்மேல் வைத்து, நெரிப்பு ஏதுமின்றியே நரம்பு பழுதுறுவதைக் காட்டினர். அழற்சிக்குக் காரணமான இரசாயனப் பொருள்கள் உட்கருவிலேயே உள்ளன என்பது உறுதியாயிற்று. ஆகவே அழற்சியைத் தணிக்கும் மருந்தினை அவ்விடத்தே விடுதல் பொருந்தாச் செயலன்று. இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டி 2016 இலே, அண்மையில் தோன்றிக் கடுமையாயுள்ள சயாட்டிக்காவுக்கு இவ்வூசியைக் கருத்திற் கொள்ளலாம் எனக் கூறியது. ஆறு வாரம் உறக்கமின்றித் துடிப்பவனுக்கு மூன்று வாரத் தணிவும் பெரிதே. அத்தணிவினாலே அவன் எழுந்து நடக்கிறான், தசைகள் வலுக்கின்றன, உடல் தன் வேலையைச் செய்து முடிக்க அவகாசம் கிடைக்கின்றது. நீரிழிவுடையோருக்குச் சில நாள் குருதியிற் சீனி உயரும் என்பதையும், சிறுநீர் கழித்தல் தடைப்பட்டோ இருக்கையிடம் மரத்தோ போனால் ஊசியை நம்பித் தாமதியாது உடனே வைத்தியசாலையை நாடவேண்டும் என்பதையும் முன்கூட்டியே அறிவித்தல் வைத்தியரின் கடன்.

சத்திரசிகிச்சையின் வரலாறும் இதற்குத் துணைச்சான்று கூறுகின்றது. நோர்வே நாட்டு வேபர் 1983 இலே வெளியிட்ட ஆராய்ச்சியிலே, முதலாண்டில் வெட்டப்பட்டோர் மேலான நிலையில் இருந்தனர். பத்தாவது ஆண்டிலே இருசாராரும் ஒத்திருந்தனர். ஒல்லாந்திலே 283 பேரைக் கொண்டு 2007 இலே வெளிவந்த ஆராய்ச்சியிலும், விரைவில் வெட்டப்பட்டோர் விரைவில் நலம்பெற்றனர். ஓராண்டு முடிவிலே இருசாராரிலும் 100 இல் 95 பேர் தேறியிருந்தனர். ஊசியாயினும் கத்தியாயினும் பெரும்பாலும் சுருக்குவது நோவின் காலத்தையே. நோயை ஆற்றுவது உடலின் இயல்பாகிய ஆற்றல்.

கொத்துஞோ தொட்டு இன்றுவரை இரண்டரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இக்காலத்திலே சயாட்டிக்காவைப் பற்றிக் கூறப்பட்ட விளக்கங்கள் பல. காரநீர், ஒட்டு, நெரிப்பு, அழற்சி என்று அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றும் தன் காலத்துச் சிகிச்சைக்கு நியாயம் கற்பித்தது. ஒவ்வொரு சிகிச்சையாலும் நோயாளர் தேறினர். தேறியமையே விளக்கத்துக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. இந்த மயக்கத்தை அறுத்தது புதிய மருந்தொன்றன்று; மருந்து பெற்றவனையும் பெறாதவனையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பொறுமையோடு எண்ணிப்பார்த்த முறையே. விஞ்ஞானம் பயிலும் மாணவர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது அம்முறையாகும். வைத்தியராவோர் கொள்ளத்தக்கது மற்றொன்றும் உண்டு. நோவினால் வருந்தி வந்தவனுக்கு, தருவது எது, தர இயலாதது எது, அதன் விலை யாது என்பவற்றை ஊசி ஏற்றுமுன்னரே மறையாது உரைத்தல் வேண்டும். அவ்வாறு உரைக்கப்பட்டபின் அவன் ஊசியை ஏற்பினும் மறுப்பினும், அம்முடிவு அவனுடையதாகவே இருக்கும்.